குழாய் தட்டுதல்: விறகடுப்பின் புகைக்குழாயை வீட்டிலேயே சுத்தம் செய்வது

மாசி மாதம் வேப்பந்தட்டைப் பக்கம் போனால் வீட்டுச் சுவரோரமெல்லாம் பருத்தி மார் கட்டுக்கட்டாகச் சாய்ந்து நிற்கும். கடைசிப் பறிப்பு முடிந்ததும் பிடுங்கி, காய வைத்து, வண்டியிலோ தலைச்சுமையாகவோ கொண்டுவந்தது. கூடவே மணி உதிர்த்த மக்காச்சோளக் கட்டை ஒரு மூட்டை, ஓடைக்கரையில் வெட்டிய சீமைக்கருவேல் கொஞ்சம், காய்ந்த வறட்டி ஓர் அடுக்கு. உள்ளே சமையல் மேடையில் கேஸ் அடுப்பும் இருக்கும். 2007-இல் மாநில அரசு இலவசமாகக் கொடுத்ததாக இருக்கலாம், 2016-க்குப் பிறகு உஜ்வாலாவில் வந்ததாக இருக்கலாம். ஆனாலும் கொல்லைத் தாழ்வாரத்தில் விறகடுப்பு ஓயவில்லை. குளிக்க வெந்நீர், மாட்டுக்குக் கஞ்சி, நெல் அவிக்க, விசேஷத்துக்குப் பெரிய பாத்திரம் ஏற்ற, சிலிண்டர் தீர்ந்து அடுத்தது வரும்வரை சோறு பொங்க என்று அதற்கு வேலை இருந்துகொண்டே இருக்கிறது.

அந்த அடுப்புக்குப் புகைக்குழாய் இருந்தால் இந்த அத்தியாயம் உங்களுக்கு. குழாய் இல்லாத மூன்று கல் அடுப்புக்காரர்கள் அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடலாம்.

அடுப்பு மெழுகுவது எப்படி என்று நம் வீடுகளில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்பாயி செய்ததைப் பார்த்து அம்மா செய்தார், அம்மாவைப் பார்த்து மகள் செய்கிறாள். சாணமும் செம்மண்ணும் கரைத்து வெள்ளிக்கிழமைக்கு முன்னால் மெழுகி, கோலமும் போட்டுவிடுவார்கள். குழாய் அப்படி வந்ததல்ல. 1950-களில் ஐதராபாத்தில் எஸ். பி. ராஜு என்ற பொறியாளர் குழாய் வைத்த மண் அடுப்பை வடிவமைத்தார். 1980-களின் நடுவில் மத்திய அரசு அதையொத்த அடுப்புகளைத் தேசியத் திட்டமாக்கி, 2002 வரை நாடு முழுக்க மூன்று கோடிக்கு மேல் கட்டிக் கொடுத்ததாகக் கணக்குச் சொன்னது. ஊருக்கு ஒருவர் வந்தார், இரண்டு பாத்திரம் வைக்கிற மாதிரி அடுப்புக் கட்டினார், சிமெண்டுக் குழாயைக் கூரை வழியே ஏற்றினார், போய்விட்டார். குழாயை மாதம் ஒருமுறை தட்ட வேண்டும் என்று ஒருவேளை அவர் சொல்லியிருப்பார். ஆனால் அதைச் செய்து காட்ட வீட்டில் மூத்தவர் யாரும் இல்லை. மூத்தவருக்கும் அது புதுசு.

அதன் பலனை ஒடிசாவில் அளந்தே பார்த்திருக்கிறார்கள். கிராம் விகாஸ் என்ற தொண்டு நிறுவனம் கட்டிக்கொடுத்த குழாய் அடுப்புகளை ரெமா ஹன்னா, எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன் என்ற மூன்று பொருளியலாளர்கள் நான்கு ஆண்டுகள் வரை தொடர்ந்து கவனித்தார்கள். இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட குடும்பங்கள். முதல் ஆண்டில் சமைப்பவர் உள்ளிழுக்கும் புகை குறைந்தது. அதற்குப் பிறகு குறைந்த தடமே இல்லை. அடுப்பின் அமைப்பில் குற்றம் இல்லை. வெடித்ததைப் பூசாமல், அடைத்ததை எடுக்காமல், நாளடைவில் பழைய அடுப்புக்கே திரும்பியதுதான் காரணம். நம் ஊரிலும் ‘புகையில்லா அடுப்புதான், ஆனா புகையுது’ என்று சொல்லிக் குழாயைப் பிடுங்கி வேலிக்கு முட்டுக் கொடுத்த வீடுகள் உண்டு. குழாயைத் தட்டியிருந்தால் போதும்.

எப்போது தட்டுவது

நாள்காட்டி பார்க்க வேண்டாம், அடுப்பே சொல்லும். பற்றவைத்ததும் கொஞ்ச நேரம் வாய்வழியே புகை வருவது இயல்பு. குழாய் சூடேறியதும் நின்றுவிட வேண்டும். நிற்காமல் வந்துகொண்டே இருந்தால், இரண்டாவது பாத்திரம் வைக்கும் கொடி அடுப்புக் குழியில் பாத்திரத்தைச் சுற்றிப் புகை கசிந்தால், வழக்கமாக வேகிற அரிசிக்கு இன்னும் இரண்டு கட்டை கேட்டால், குழாய் குறுகிவிட்டது என்று பொருள். சந்தேகம் இருந்தால் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி, நெருப்பில்லாத அடுப்பின் வாயில் பிடித்துப் பாருங்கள். புகை உள்ளே சாய்ந்தால் இழுவை இருக்கிறது. நேராக மேலே போனால் இல்லை. உங்கள் பக்கம் வந்தால் அன்றைக்குச் சமைக்கவே வேண்டாம்.

குறுகுவது என்றால் எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். பத்து சென்டிமீட்டர் அகலக் குழாயின் உள்சுவரில் சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் கரி ஏறினால் மிச்சம் எட்டு சென்டிமீட்டர். பார்க்க ‘கொஞ்சந்தானே’ என்றிருக்கும். ஆனால் புகை போகும் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. ஏழரை சென்டிமீட்டர் குழாயாக இருந்தால் கிட்டத்தட்டப் பாதியே போய்விடும். விரல் தடிமன் கரிதான், ஆனால் அடுப்பு பாதி மூடியது மாதிரி.

எவ்வளவு சீக்கிரம் ஏறும் என்பது நீங்கள் எரிப்பதைப் பொறுத்தது. நன்கு காய்ந்த சீமைக்கருவேல் மட்டும் எரிக்கும் வீட்டில், இரண்டு வேளைச் சமையல் என்றால், மாதம் ஒருமுறை போதும். பருத்தி மாரும் மக்காச்சோளக் கட்டையும் சடசடவென்று எரிந்து, மெல்லிய சாம்பலைக் காற்றோடு மேலே தூக்கிவிடும். அந்த வீடுகளில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்ப்பது நல்லது. வறட்டி எரிப்பவர்களுக்குக் கரியைவிடச் சாம்பல்தான் தொல்லை. அது குழாயில் ஏறாமல், குழாய் அடுப்போடு சேரும் வளைவான அடிமுழங்கையிலேயே படிந்து வழியை அடைக்கும். ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கம் முந்திரி ஓடு எரிக்கிறவர்கள் தனி ரகம். அந்த ஓட்டில் இருக்கும் எண்ணெய் தோலில் பட்டால் புண்ணாக்கும். அதன் புகை குழாயில் படிந்தால் பசைபோல ஒட்டும். முந்திரி ஓட்டைத் திறந்த களத்துக்கு வைத்துக்கொண்டு வீட்டடுப்பில் போடாமல் இருப்பதே என் யோசனை.

இன்னொன்று, பற்றவைக்கும் பழக்கம். பாலிதீன் பை, சைக்கிள் டியூப் துண்டு, பழைய செருப்பு. நெருப்பு சட்டென்று பிடிக்கிறது, உண்மைதான். ஆனால் அந்தப் புகை விஷம். அது விடும் கரி தொட்டால் கையோடு வரும். சோளத்தட்டைச் சருகும் பருத்தி மார் நுனியும் இருக்கும் ஊரில் டியூப் எதற்கு?

பருத்தி மாரைப் பற்றி ஒரு பக்கக் குறிப்பு. வேப்பந்தட்டையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பருத்தி அறிந்தவர்கள் யாரைக் கேட்டாலும் மாரைக் காட்டோரம் அடுக்கி வைக்காதீர்கள் என்றுதான் சொல்வார்கள். வெடிக்காத காய்களுக்குள் இளஞ்சிவப்புக் காய்ப்புழு தங்கி அடுத்த பருவத்துக்குக் காத்திருக்கும். ஆகவே மாரை அடுக்குமுன் ஒட்டிக்கொண்டிருக்கும் காய்களை உதிர்த்து முதலில் அடுப்பில் போட்டுவிடுங்கள். அடுப்புக்கும் நல்லது, காட்டுக்கும் நல்லது.

உள்ளே படிவது எது

பச்சை விறகில் எடையில் பாதிவரை தண்ணீர் இருக்கும். ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கினால்தான் அது விறகு. இரண்டு கட்டைகளை மோதிப் பாருங்கள்: காய்ந்தது ‘டங்’ என்னும், ஈரம் ‘தொப்’ என்னும். ஈரக்கட்டையை எரித்தால் நெருப்பின் சூடு தண்ணீரை ஆவியாக்கவே செலவாகிறது; விறகின் எண்ணெய்களும் பிசின்களும் முழுதாக எரியாமல் புகையோடு மேலே போகின்றன. குழாய்ச் சுவர் சுமார் 120 டிகிரிக்குக் கீழே இருந்தால் அவை அங்கேயே வியர்த்துப் படிந்து தாராகின்றன. ஆங்கிலத்தில் கிரியோசோட் என்பார்கள்.

குழாயைக் கழற்றிக் கீழிருந்து மேலாகப் பார்த்தால் மூன்று விதமான படிவு தெரியும். அடியில், அடுப்போடு சேரும் இடத்தில், சாம்பல்; ஊதினால் பறக்கும். நடுவில் கறுப்புப் பொடி, விரலால் தடவினால் வெல்வெட் துணிபோல மிருதுவாக ஒட்டிக்கொண்டு வரும். இது நல்ல கரி, எளிதில் உதிரும். மேலே, குழாய் குளிர்ந்திருக்கும் இடத்திலும் அதன் உச்சியை மூடும் தொப்பியின் உட்புறத்திலும், பளபளவென்று ஓடு மாதிரி ஒன்று இருந்தால் அதுதான் தார். நகத்தால் கீறினால் கண்ணாடிச் சில்லுபோல் தெறிக்கும். தொப்பியில் தார் கண்டால் விறகைச் சந்தேகப்படுங்கள். பொடியையும் தாரையும் ஒரே முறையில் எடுக்க முடியாது; தாரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

உங்கள் குழாய் எந்தக் குழாய்

இதைத் தெரிந்துகொள்ளாமல் தூரிகையைத் தொடாதீர்கள்.

பழைய திட்டத்து அடுப்புகளில் பெரும்பாலும் சாம்பல் நிறச் சிமெண்டுக் குழாய் இருக்கும். அதில் இருப்பது வெறும் சிமெண்டு அல்ல, ஆஸ்பெஸ்டாஸ் நாரும் சேர்ந்தது. நார் சிமெண்டுக்குள் கட்டுண்டிருக்கும்வரை பெரிய ஆபத்தில்லை. சுரண்டினாலும் அறுத்தாலும் உடைத்தாலும் கண்ணுக்குத் தெரியாத இழைகள் காற்றில் கலந்து நுரையீரலில் தங்கும். பல ஆண்டு கழித்துப் புற்றுநோயாக வரக்கூடும். ஆஸ்பெஸ்டாஸின் எல்லா வகைகளையும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என்று வகைப்படுத்தியிருக்கிறது. எனவே அந்தக் குழாய்க்குக் கம்பித் தூரிகை கூடவே கூடாது. கடப்பாரை, அரிவாள் முனை, கத்தி எதுவும் வேண்டாம். ஈரச்சாக்குதான் அதற்கு. விளிம்பு பொரிந்து நார் பஞ்சுபோல் நீட்டிக்கொண்டிருந்தால் சுத்தம் செய்வதை விட்டுவிட்டு மாற்ற ஏற்பாடு செய்யுங்கள். கழற்றும்போது நனைத்து, உடைக்காமல் முழுசாக இறக்கி, பாலிதீன் தாளில் சுற்றிக் கட்டி, பிள்ளைகள் விளையாடாத இடத்தில் ஆழமாகப் புதைக்கலாம். முட்டுக் கொடுக்கவும் வாய்க்கால் குழாயாகப் போடவும் அதைக் கொடுத்தனுப்ப வேண்டாம்.

தகரக் குழாய், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய், கம்பித் தூரிகையைத் தாங்கும். அதன் எதிரி கரியில் ஊறும் புளித்த ஈரம். மழைக்காலம் முழுக்க அழுக்கோடு விட்டால் அடியிலிருந்து துரு தின்னும். இருட்டில் உள்ளே டார்ச் அடித்து வெளியே நின்று பாருங்கள். வெளிச்சப் புள்ளிகள் தெரிந்தால் ஓட்டை விழுந்துவிட்டது. சுட்ட மண் குழாய் எல்லாவற்றிலும் நல்லது, ஆனால் இடி தாங்காது. பிளாஸ்டிக் குழாய் வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். ‘குளியலறைக்கு வாங்கினது, மிச்சம் கெடந்துச்சு’ என்பார்கள். எண்பது டிகிரியில் இளகிவிடும் பொருள் அது. சுத்தம் செய்வதைப் பற்றி யோசிக்காமல் இன்றைக்கே கழற்றுங்கள்.

குளிர்நாடுகளிலும் நம் ஊட்டி, கொடைக்கானல் பங்களாக்களிலும் செங்கல்லில் கட்டிய அகலமான புகைக்கூண்டு இருக்கும். அந்நாடுகளில் அதற்குள் எஃகு உள்ளுறை இறக்குவதும் உண்டு. ஜெர்மனியில் வட்டாரத்துக்கு ஒருவர் சட்டப்படி வந்து கூண்டைச் சோதித்துவிட்டுப் போவார். வேப்பந்தட்டையில் யாரும் வரமாட்டார்கள். நமக்கு நாமே.

சாமான்

ஒரு மூங்கில் கழி, குழாயைவிட ஒரு முழம் நீளமாக. பழைய சணல் சாக்கு. உரித்த தேங்காய் நார் ஒரு கூடை. கிணற்றுக் கயிறு, குழாயின் நீளத்தைப்போல் மூன்று மடங்கு. கை நிறையும் அளவு ஒரு உருண்டைக் கல். தகரக் குழாய் என்றால் மட்டும் குழாய் அகலத்துக்கு ஒரு கம்பித் தூரிகை. பழைய போர்வை, ஒரு வாளித் தண்ணீர், அகப்பை, கைக்கண்ணாடி.

தேங்காய் நாரைக் கல்லைச் சுற்றி உருண்டையாகக் கட்டி, மேலே சாக்குத் துணி போர்த்தி, நூல் கயிற்றால் இறுகப் பின்னுங்கள். பத்து சென்டிமீட்டர் குழாய்க்குப் பதினொன்று இருக்க வேண்டும் உருண்டை. குழாயில் கொஞ்சம் இறுகிப் போனால்தான் துடைக்கும். ரொம்ப இறுகினால் நடுவில் மாட்டி, அதை எடுக்க வேறு ஒரு நாள் ஆகும். அதனால்தான் உருண்டைக்கு மேலே ஒரு கயிறு, கீழே ஒரு கயிறு. எங்கே மாட்டினாலும் வந்த வழியே இழுத்துக்கொள்ளலாம்.

முகத்துக்கு என்-95 முகமூடி போடுங்கள். ஈரத் துண்டைக் கட்டிக்கொண்டால் பெரிய தூசிதான் நிற்கும். கரியின் நுண்துகள் அதற்குள் நுழைந்துவிடும். முழுக்கைச் சட்டை, கையுறை, தலைக்கு முண்டாசு. கர்ப்பிணியும் இழுப்பு உள்ளவர்களும் பிள்ளைகளும் அன்று காலை தெருத்திண்ணைக்குப் போய்விடட்டும். குடிதண்ணீர்க் குடம், அரிசிப் பானை, பரணில் உள்ள ஊறுகாய் ஜாடி எல்லாம் வெளியே.

வேலை

முந்தின இரவு அணைத்த அடுப்பாக இருக்க வேண்டும். காலையில் அணைத்துவிட்டு மதியம் தொடங்கலாம் என்று நினைக்காதீர்கள். சாம்பலுக்கு அடியில் நீறு பூத்த நெருப்பு பத்துப் பன்னிரண்டு மணி நேரம்கூட இருக்கும். மேலிருந்து உதிரும் கரி அதன் மேல் விழுந்தால் உங்கள் முகத்துக்கு எதிரே பற்றும். அகப்பையால் சாம்பல் முழுவதையும் வாரித் தகரத் தட்டில் போட்டுத் தண்ணீர் தெளித்துவிடுங்கள்.

அடுத்தது அடுப்பின் வயிறு. முன்குழியிலிருந்து கொடி அடுப்புக்கும், அங்கிருந்து குழாயின் அடிக்கும் போகும் சுரங்கத்தில் சாம்பல் மேடு தட்டியிருக்கும். குழாயே அடைந்துவிட்டது என்று ஏறி இறங்கிய பலரது வீட்டில் அடைப்பு இங்கேதான் இருந்தது. கையை விட்டு வாரி எடுங்கள். கொடி அடுப்புக் குழி வழியே கைக்கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்தால் குழாயின் வாய் தெரியும். மேலே வட்டமாக வெளிச்சம் தெரிந்தால் அடைப்பு இல்லை, படிவு மட்டுமே. பிறையாகத் தெரிந்தால் ஒரு பக்கம் ஏறியிருக்கிறது. எதுவுமே தெரியவில்லை என்றால் மேலே ஏதோ உட்கார்ந்திருக்கிறது.

அது என்ன என்பது ஏறிப் பார்த்தால்தான் தெரியும். விறகடுப்பை விசேஷத்துக்கு மட்டும் எரிக்கிற வீடுகளில் இது அதிகம். அணில் பஞ்சும் நாரும் திணித்திருக்கும். குளவி மண்கூடு கட்டியிருக்கும். காய்ந்த கூடென்றால் கழியால் தட்டினால் விழும். கதண்டு என்றால் தொடாதீர்கள், புகையும் போடாதீர்கள். கூட்டமாகக் கொட்டினால் உயிருக்கே ஆபத்து. தீயணைப்பு நிலையத்துக்குச் சொன்னால் வந்து அழித்துவிட்டுப் போவார்கள்.

கூரை ஏறுவதைப் பற்றி: சிமெண்டுத் தகட்டுக் கூரை மேல் கால் வைக்காதீர்கள், ஆணி அடித்த இடத்தில்கூட. நாட்டோடும் அப்படித்தான். சுவரில் சாத்திய ஏணியில் நின்றபடி கை எட்டினால் மட்டும் மேலிருந்து செய்யுங்கள். எட்டாவிட்டால், கொடி அடுப்புக் குழி வழியாகவோ அடிக்கதவு வழியாகவோ கழியைக் கீழிருந்து ஏற்றலாம். மச்சு வீடுகளில் மொட்டைமாடியில் நின்றே தட்டிவிடலாம், கவலையில்லை.

தொப்பியைக் கழற்றி இறக்கிவிடுங்கள். கொடி அடுப்புக் குழியையும் அடுப்பு வாயையும் ஈரப் போர்வையால் மூடுங்கள். கயிறு போக ஒரு இடுக்கு மட்டும். ஆஸ்பெஸ்டாஸ் குழாய் என்றால் முதலில் மேலிருந்து ஒரு செம்புத் தண்ணீரைச் சுவரோரமாகச் சுற்றி ஊற்றி, சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த உருண்டையை விடுங்கள். தகரமோ மண்ணோ என்றால் உலர்ந்த உருண்டையே போதும். மேலே ஒருவர், கீழே ஒருவர்.

‘அக்கா, இழுக்கவா?’

‘இருடா, கயிறு முழங்கையில சிக்குது... ம், இப்ப விடு.’

இப்படிப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே செய்ய வேண்டும். மேலே இருப்பவர் தன்போக்கில் இழுத்தால் கீழே இருப்பவர் கையில் கயிறு அறுக்கும். உருண்டை கீழே வந்ததும் போர்வைக்குப் பின்னால் கரி பொலபொலவென்று விழும் சத்தம் கேட்கும். ஏழெட்டு முறை ஏற்றி இறக்கியதும் அந்தச் சத்தம் நின்றுவிடும். நின்ற பிறகும் இரண்டு முறை இழுங்கள். உடனே போர்வையை எடுக்காதீர்கள்; கரி அடங்கக் கால்மணி நேரம் கொடுங்கள். பிறகு தண்ணீர் தெளித்து வாரினால் பறக்காது.

இனித் தார். உருண்டை அதன் மேல் வழுக்கிக்கொண்டு போகும். தகரக் குழாயை இறக்கி வெயிலில் கிடத்தி, மரச்சுத்தியலால் வெளியிலிருந்து தட்டினால் ஓடு ஓடாகப் பெயரும். மிச்சத்துக்குக் கம்பித் தூரிகை. மண் குழாயில் மூங்கில் பட்டையைக் கூர் சீவிச் சுரண்டலாம். ஆஸ்பெஸ்டாஸில் தார் ஏறியிருந்தால் நான் சுரண்டச் சொல்லமாட்டேன், குழாயை மாற்றுங்கள். உப்புக்கல்லை நெருப்பில் போட்டால் கரி உதிரும் என்பார்கள். ஏறிய தார் அதனால் உதிர்வதில்லை. தகரம்தான் சீக்கிரம் துருப்பிடிக்கும். நெருப்பை எக்கச்சக்கமாக ஏற்றித் தாரை எரித்துவிடலாம் என்பது அதைவிட மோசம், கூரை வீடென்றால் வீடே போய்விடும்.

குழாய்க்குள் தீப்பிடித்தால் சத்தத்திலேயே தெரியும்: ‘ஹோ’ என்று காற்று இரையும், குழாய் நடுங்கும், மேலே பொறி பறக்கும். அடுப்பு வாயையும் குழிகளையும் ஈரச்சாக்கால் அடைத்துக் காற்றை நிறுத்துங்கள். குழாய்க்குள் தண்ணீர் ஊற்றாதீர்கள், வெடித்துவிடும். தண்ணீரைக் கூரை மேல் ஊற்றுங்கள். எல்லோரையும் வெளியேற்றிவிட்டு 101 அல்லது 112-க்கு அடியுங்கள்.

கரியை என்ன செய்வது

சாம்பல் வேறு, கரி வேறு. அடுப்புச் சாம்பலைப் பாத்திரம் துலக்கவும் கீரைப்பாத்திக்குத் தூவவும் எடுத்துக்கொள்ளலாம். பாலிதீனும் டியூபும் எரிக்காத அடுப்பென்றால். குழாய்க் கரியை எதற்கும் எடுக்காதீர்கள். பல் துலக்கக்கூட.

லண்டனில் ஒரு காலத்தில் சின்னப் பையன்களைப் புகைக்கூண்டுக்குள் ஏறவிட்டுச் சுத்தம் செய்தார்கள். கரி படிந்த உடம்போடு வளர்ந்த அவர்களுக்குப் பிற்காலத்தில் விதைப்பையில் புற்றுநோய் வருவதை 1775-இல் பெர்சிவல் பாட் என்ற அறுவை மருத்துவர் எழுதிவைத்தார். செய்யும் தொழிலால் புற்றுநோய் வரும் என்று மருத்துவம் முதன்முதலில் கண்டுகொண்டது அங்கேதான். பையன்களை ஏற்றுவது ஒழிய அதற்குப் பிறகும் நூறு ஆண்டு, 1875-இன் சட்டம்வரை, ஆனது. மாதம் ஒருமுறை குழாய் தட்டுபவருக்கு அந்த அளவு ஆபத்தில்லை. ஆனாலும் வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளியுங்கள், துணியைத் தனியாக நனையுங்கள். கரியைக் கிணற்றுக்கும் மாட்டுத் தொட்டிக்கும் தள்ளிக் குழி தோண்டிப் புதையுங்கள்.

பூட்டிப் பற்றவைத்தல்

தகரக் குழாயைத் துண்டு துண்டாகக் கழற்றியிருந்தால் பூட்டும்போது ஒரு விதி: மேல்துண்டின் நுனி கீழ்த்துண்டுக்குள் இறங்க வேண்டும். மழைத்தண்ணீர்க் குழாய்க்குப் பழகிய கொத்தனாருக்கு இது தெரியும். மாற்றிப் பூட்டினால் தார் வெளியே வழிந்து சுவரெல்லாம் கறுப்புக் கோடு. கீற்றுக் கூரை என்றால் குழாயைச் சுற்றி அரையடி இடைவெளிவிட்டுத் தகரத்தாலும் மண்ணாலும் ஒரு கழுத்து கட்டுங்கள். கீற்று குழாயைத் தொடவே கூடாது.

அடிமுழங்கையைச் சுற்றி மண் வெடித்திருக்கும். அதைப் பூசக் கரிசல் மண்ணை எடுக்காதீர்கள். பருத்திக்கு அது பொன்; அடுப்புக்கு ஆகாது. ஈரத்தில் உப்பிக் காய்ந்தால் வாய் பிளக்கும் மண் அது. புற்றுமண்ணோ செம்மண்ணோ எடுத்து, நெல் உமியும் கொஞ்சம் சாணமும் சேர்த்து மிதித்து, ஒருநாள் புளிக்கவிட்டுப் பூசுங்கள். நிழலில் காயட்டும். அடியில் கதவு இல்லாத குழாயாக இருந்தால் இப்போதே ஒரு கை நுழையும் அளவு வாய் விட்டு, அதை ஒரு செங்கல்லால் அடைத்து மேலே லேசாக மண் பூசிவிடுங்கள். அடுத்த முறை பாதி வேலை மிச்சம்.

முதல் நெருப்பைச் சின்னதாக மூட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகைக் காலைகளில் குழாய் ஈரத்தோடு குளிர்ந்து கிடக்கும். உள்ளே இருக்கும் கனத்த காற்று புகையை ஏறவிடாது. அடிவாயில் ஒரு கைப்பிடிச் சோளச்சருகைக் கொளுத்திவிட்டு, அது எரிந்து குழாய் வெதுவெதுப்பானதும் அடுப்பைப் பற்றவையுங்கள்.

சுத்தம் செய்த பிறகும் புகை திரும்பினால் மூன்று இடங்களைப் பாருங்கள். கொடி அடுப்புக் குழியில் பாத்திரம் இல்லாமல் திறந்து கிடந்தால் குழாய் புகையை இழுக்காமல் அந்தக் குழி வழியே காற்றை இழுக்கும். சமைக்காதபோது தட்டுப் போட்டு மூடுங்கள். கதவும் சன்னலும் இறுக அடைத்திருந்தால் மேலே போகும் காற்றுக்கு ஈடாக உள்ளே வரக் காற்று இருக்காது. சமைப்பவருக்குத் தலை கனத்து, குமட்டி, கால் தள்ளாடினால் அது வெறும் புகையல்ல, கார்பன் மோனாக்சைடு. நிறமும் இல்லை, மணமும் இல்லை. உடனே வெளியே வந்துவிடுங்கள், தெளியாவிட்டால் 108. மூன்றாவது குழாயின் உயரம். கூரை முகட்டைவிடத் தாழ்ந்திருந்தாலோ, பக்கத்து வேப்பமரத்தின் கிளை மேலே கவிந்திருந்தாலோ காற்று கீழ்நோக்கி அமுக்கும். கிளையைக் கழியுங்கள், போதாவிட்டால் முகட்டுக்கு மேல் இரண்டடி வருமாறு ஒரு துண்டுக் குழாய் ஏற்றி, காற்றில் ஆடாதபடி இரண்டு பக்கமும் கம்பி இழுத்துக் கட்டுங்கள்.